ப்ளூகிராஸ் (பாஞ்சோ, ஃபிடில், மாண்டலின் வைத்து வாசிக்கிற அமெரிக்க இசை) கேட்கப் பழகிவிட்டேன், இப்போது அதற்காகவே ஒரு வாரம் ஊர் சுற்ற ஆசை. வழி சொல்லுங்கள்

தெருக்கோடி | வியாழன், இரவு 9:12

வணக்கம். ஆறு வருடமாக அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஞாயிறு காலை பத்து மணிக்கு வராந்தாவில் நாற்காலியைப் போட்டு பாஞ்சோவை எடுத்தார் என்றால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கீழே வைப்பார். முதல் இரண்டு வருடம் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி ஒரே சத்தம், எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் அவருடைய பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார். சரி செய்து கொடுத்ததும் காபி கொடுத்து உட்கார வைத்து, நான் கேட்காமலே, வேகமாக வாசிக்கிற ஒரு பாட்டை நாலில் ஒரு பங்கு வேகத்தில் வாசித்துக் காட்டினார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூன்று விரல்தான். ஒரு சுற்றுக்கு எட்டுத் தட்டு, அதை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்துப் போடுகிறார். சின்ன வயதில் அரைகுறையாக நிறுத்திய மிருதங்க வகுப்பு சட்டென்று ஞாபகம் வந்தது. தகிட தகிட தக. வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த எட்டுக்குள் மெட்டின் சுரங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று அவர் கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் அழுத்திக் காட்டினார். அதற்கப்புறம் எனக்கு அது சத்தமாகக் கேட்கவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் ஒரு வாரம் விடுமுறை. கார், மனைவி, ஒன்பது வயது மகள். மனைவி சைவம். நாஷ்வில், ஓவன்ஸ்பரோ ப்ளூகிராஸ் அருங்காட்சியகம், இந்த இசைக்கு உருவம் கொடுத்த பில் மன்ரோ பிறந்த ரோசைன், பிரிஸ்டல் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எந்த வரிசையில் போவது?

சும்மாபோறவன் | வியாழன், இரவு 9:40

பாஞ்சோ என்றால் எங்கள் ஊர்க் கச்சேரியில் டைப்ரைட்டர் மாதிரி கட்டையை அமுக்கி வாசிப்பார்களே, அதுவா?

ஸ்ருதிபேதம் | வியாழன், இரவு 9:58

அது புல்புல் தாரா. நம் பக்கம் அதையும் பெஞ்சோ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். இது வேறு, கஞ்சிரா மாதிரி தோல் கட்டிய வட்டத்துக்கு நீளமாகக் கழுத்து வைத்தது. ஐந்து தந்தி. அதில் ஐந்தாவது குட்டைத் தந்தி, கழுத்தின் பாதியிலிருந்து கிளம்பும், பெரும்பாலும் விரல் வைத்து அமுக்காமல் மீட்டிக்கொண்டே இருப்பார்கள். வீணையில் பக்கவாட்டில் மூன்று தாளத்தந்தி இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த வேலை. தெருக்கோடி சொன்ன மூன்று விரல் உருட்டலுக்கு அடியில் ஒரு சுரம் விடாமல் ஒலிப்பது அதனால்தான்.

நாலுமுழம் | வெள்ளி, காலை 7:05

தெருக்கோடி, வரவேற்பு. நான் இருபது வருடமாக இதில் கிடக்கிறேன், நாக்ஸ்வில்லில் வீடு. உங்கள் பட்டியலில் ஒரு தப்பு இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர்களை எழுதியிருக்கிறீர்கள், கிழமைகளை எழுதவில்லை.

இந்த இசைக்குப் பயணம் போகிறவர்கள் வரைபடத்தை அப்புறம் பார்க்கட்டும், முதலில் காலண்டர். வர்ஜீனியாவில் ஃபிளாய்ட் என்று ஒரு சின்ன ஊர், மாவட்டத்துக்கே ஒரே ஒரு டிராஃபிக் சிக்னல். அங்கே பழைய மளிகைக் கடை ஒன்றில் வெள்ளிக்கிழமை இரவு வாசிப்பும் ஆட்டமும் நடக்கும். புதன்கிழமை போனால் அது வெறும் கடை. ஹில்ட்டன்ஸில், பழைய மலைப் பாட்டுக்குப் பேர்போன கார்ட்டர் குடும்பத்தின் 'ஃபோல்ட்' என்ற கச்சேரிக் கொட்டகை, அது சனிக்கிழமை இரவு. நாஷ்வில்லில் ஸ்டேஷன் இன் என்ற கச்சேரி இடம் எல்லா நாளும் திறந்திருக்கும், ஆனால் ஞாயிறு இரவு ஜாம் என்று வட்டம் கட்டி உட்கார்ந்து வாசிப்பார்கள், அது தனி. ரோசைனில் களஞ்சியக் கச்சேரி வெள்ளி இரவு.

ஃபிளாய்டும் ரோசைனும் வெள்ளி என்பதால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். உங்களுக்கு சார்லட்டிலிருந்து ஃபிளாய்ட் இரண்டரை மணி நேரம். வெள்ளி ஃபிளாய்ட், சனி ஹில்ட்டன்ஸ், ஞாயிறு நாஷ்வில் என்று போங்கள். ஹில்ட்டன்ஸிலிருந்து நாஷ்வில் கிட்டத்தட்ட முந்நூறு மைல், ஆனால் மேற்கே போகும்போது கடிகாரத்தில் ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைக்கும். ரோசைனைப் பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

பழையசோறு | வெள்ளி, காலை 8:31

நாலுமுழம் அண்ணா எப்போதும் இப்படித்தான், கிராமம் கிராமமாகத் துரத்துவார். ஒரு வாரம் லீவு போட்டு மூன்று இரவுக் கச்சேரியா? ஏப்ரல் கடைசியில் வில்க்ஸ்பரோவில் மெர்ல்ஃபெஸ்ட் என்ற இசை விழா நடக்கிறது, சார்லட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. 1988இல் கண் தெரியாத கிட்டார்க்காரர் டாக் வாட்சன் இறந்துபோன தன் மகன் மெர்ல் நினைவாக ஆரம்பித்தது. நாலு நாள், பல மேடை, பெரிய கைகள் எல்லாரும் ஒரே இடத்தில். இல்லையென்றால் செப்டம்பரில் சட்டனூகா போகலாம். சர்வதேச ப்ளூகிராஸ் சங்கத்தின் விழா பத்து வருடத்துக்கு மேல் ராலேயில் நடந்துகொண்டிருந்தது, 2025இலிருந்து அங்கே மாறிவிட்டது. ஒரே ஹோட்டல், ஒரே பார்க்கிங், இறங்கினோமா கேட்டோமா என்று இருக்கும். எதற்கு இத்தனை பெட்ரோல்?

நாலுமுழம் | வெள்ளி, காலை 8:50

விழா வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன். மெர்ல்ஃபெஸ்ட்டுக்கு ஏழு தடவை போயிருக்கிறேன். ஆனால் அங்கே மேடை எழுபது அடி தள்ளி இருக்கும், ஸ்பீக்கர் வழியாகத்தான் கேட்பீர்கள், அதற்கு வீட்டிலேயே கேட்கலாம். இவருக்குக் காது திறந்தது ஒரு வராந்தாவில், ஒரு ஆள், மூன்று அடி தூரம். அதே தூரத்தில் இன்னும் நாலு பேர் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டால்தான் அவருக்கு அடுத்த படி. விழாவிலும் நான் மேடைக்கு முன்னால் நின்றதைவிட வண்டி நிறுத்துமிடத்தில் நின்றதுதான் அதிகம். கூடாரத்துக்குக் கூடாரம் வட்டம் போட்டிருப்பார்கள், அறிமுகமே இல்லாதவர்கள்.

ஸ்ருதிபேதம் | வெள்ளி, மதியம் 12:20

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள், பாவம் புது ஆள் குழம்பிவிடுவார். ஃபிளாய்டிலும் ஹில்ட்டன்ஸிலும் கேட்கப்போவது பெரும்பாலும் ப்ளூகிராஸ் இல்லை, அதற்கு முந்திய பழைய மலை இசை. ஓல்ட்-டைம் என்பார்கள். ஆட்டத்துக்கான இசை அது. ஃபிடிலும் பாஞ்சோவும் எல்லாரும் சேர்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், பாஞ்சோவில் மூன்று விரல் உருட்டல் இருக்காது, நகத்தின் முதுகால் கீழ்நோக்கி அடிப்பார்கள். யாரும் தனியாக முன்னால் வரமாட்டார்கள்.

ப்ளூகிராஸ் உட்கார்ந்து கேட்பதற்கு என்று வந்தது. வயதும் அதிகமில்லை. பில் மன்ரோ 1939இல் நாஷ்வில் வானொலியின் கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியில் சேர்ந்தார், குழுவுக்கு வைத்த பெயர் ப்ளூ கிராஸ் பாய்ஸ், கென்டக்கியின் செல்லப் பெயர் அது. 1945 டிசம்பரில் இருபத்தொரு வயது ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு வந்து சேர்ந்ததும்தான் இன்று நாம் கேட்கிற வடிவம் அமைந்தது. டிரம் கிடையாது, கவனித்தீர்களா? நாலு தட்டில் பேஸ் ஒன்றிலும் மூன்றிலும் விழும், மாண்டலின் இரண்டிலும் நாலிலும் தந்தியை அடித்து உடனே அமுக்கி 'சக்' என்று வெட்டும். அந்த வெட்டுதான் அவர்களுக்கு மிருதங்கம். அதற்கு மேல் ஒவ்வொருவரும் முறை வைத்து ஒரு சுற்று முன்னால் வந்து வாசித்துவிட்டுப் பின்னால் போவார்கள்.

மாண்டலின் என்றதும் நமக்கு யூ. ஸ்ரீநிவாஸ்தான் காதில் வருவார். அவருடையது மின்சார மாண்டலின், ஐந்து ஒற்றைத் தந்தி, கமகத்துக்காக. மன்ரோவுடையது நாலு ஜோடி, எட்டுத் தந்தி, மரம், வயலினின் அதே சுருதி அமைப்பு. ஒரே பெயர் வைத்துக்கொண்டு இரண்டும் வேறு வேறு பிறவிகள். முதல் நாள் ஏமாற்றமாகக்கூட இருக்கும், இழைப்பே இல்லையே என்று. இதில் இழைப்பு குரலிலும் ஃபிடிலிலும் இருக்கிறது, மாண்டலினில் தேடக்கூடாது.

கிளம்பும் முன் 1946, 47இல் மன்ரோ குழு பதிவு செய்தவற்றை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள், போதும்.

கரிசல்காட்டாள் | வெள்ளி, மாலை 6:45

யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். குழந்தையோடு போகிறார்கள். அந்த மலைக் கிராமங்களில் நம்மைப் போன்ற நிறத்துக்காரர்கள் உள்ளே நுழைந்தால் எப்படி இருக்கும்? நானும் கணவரும் தென்மேற்கு வர்ஜீனியாவில் ஒரு தடவை பெட்ரோல் போட இறங்கியபோது கிடைத்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வீடுகளில், அடிமை முறையைக் காக்கச் சண்டை போட்ட பழைய தென்மாநிலங்களின் கொடி வேறு. வெள்ளைக்காரர் இசை, வெள்ளைக்காரர் கூட்டம். பயமுறுத்தச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான்.

நாலுமுழம் | வெள்ளி, இரவு 8:10

நியாயமான கேள்வி, கரிசல். இல்லை என்று மழுப்ப மாட்டேன். கொடி இருக்கிறது, பார்வை இருக்கிறது. கச்சேரி நடக்கும் இடத்துக்குள் போனபிறகு எனக்கு நடந்ததெல்லாம் 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்பதுதான், அதுவும் நாக்ஸ்வில் என்றால் விடமாட்டார்கள், அதற்கு முன்னால் எங்கே என்பார்கள். கும்பகோணம் என்று சொல்லி உச்சரிக்க வைத்து வேடிக்கை பார்ப்பேன். இரவில் கடைக்கோடிச் சாலைகளில் தேவையில்லாமல் இறங்குவதில்லை, பெட்ரோல் பெரிய ஊரில் போட்டுக்கொள்வேன். அவ்வளவு எச்சரிக்கை என்னிடமும் உண்டு.

ஆனால் வெள்ளைக்காரர் இசை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாஞ்சோவே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கையிலிருந்து வந்தது. மன்ரோ சின்னப் பையனாக இருந்தபோது, ரோசைன் இருக்கிற கென்டக்கியின் ஓஹையோ மாவட்டத்தில் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருடன் ஆட்டக் கச்சேரிகளுக்கு வாசிக்கப் போயிருக்கிறார், கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டும் இருந்தார். ஷுல்ட்ஸ் 1931இல் இறந்துவிட்டார், ஒரு பதிவுகூட இல்லை. அந்தக் கார்ட்டர் குடும்பத்து ஏ. பி. கார்ட்டர் மலை மலையாக ஏறிப் பாட்டு சேகரித்தபோது கூடப் போய் மெட்டுகளை மனதில் வாங்கி வந்தவர் லெஸ்லி ரிடில், அவரும் கறுப்பினத்தவர். ரெக்கார்ட் உறையில் யார் பெயர் போட்டார்கள் என்பது வேறு கதை.

கரிசல்காட்டாள் | வெள்ளி, இரவு 8:32

இது எனக்குத் தெரியாது, நன்றி அண்ணா. சாப்பாட்டுக்கும் ஒரு வார்த்தை: அந்தப் பக்கத்தில் பீன்ஸ் வேகவைத்து சோள ரொட்டியோடு கொடுப்பார்கள், பார்க்க நம் பருப்பு மாதிரி அழகாக இருக்கும், உள்ளே பன்றி எலும்பு கிடக்கும். கீரையிலும் அதே. 'இறைச்சி இல்லையே' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், சுவைக்குப் போடுவது அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. பன்றி போட்டு வேகவைத்ததா என்று அப்படியே கேட்க வேண்டும். குக்கர் எடுத்துக்கொண்டு போங்கள்.

தெருக்கோடி | சனி, காலை 10:15

எல்லாருக்கும் நன்றி. கிழமைக் கணக்கை மனைவியிடம் சொன்னேன், 'அப்போ இது கோயில் திருவிழாவுக்குப் போகிற மாதிரி, நாள் பார்த்துப் போகணும்' என்றாள், புரிந்துவிட்டது. வெள்ளி ஃபிளாய்ட், சனி பகலில் பிரிஸ்டல், இரவு ஹில்ட்டன்ஸ், ஞாயிறு நாஷ்வில், செவ்வாய் ரோசைன், ஓவன்ஸ்பரோ. ப்ளூ ரிட்ஜ் பார்க்வே மலைச்சாலை வழியாகப் போகலாமா?

நாலுமுழம் | சனி, காலை 11:02

இலை நிறம் மாறுகிற நேரம், அழகுதான், ஆனால் மணிக்கு 45 மைலுக்கு மேல் போக முடியாது, 2024 ஹெலீன் புயலுக்கு அப்புறம் சில துண்டுகளை மூடித் திறக்கிறார்கள், காலையில் பார்த்துவிட்டு ஏறுங்கள். கேலக்ஸ் பக்கத்தில் 213ஆம் மைல் கல்லில் ப்ளூ ரிட்ஜ் இசை மையம் இருக்கிறது, அந்த ஒரு துண்டு ஓட்டினால் போதும். அப்புறம் ஷெல்பியை ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். ஸ்க்ரக்ஸ் அந்த மாவட்டத்துக்காரர், யுத்த காலத்தில் ஷெல்பியில் நூல் மில்லில் வேலை பார்த்தவர். பழைய நீதிமன்றக் கட்டடத்தை 2014இல் அவர் பெயரில் அருங்காட்சியகமாக ஆக்கிவிட்டார்கள். ஏதாவது ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள்.

சும்மாபோறவன் | சனி, காலை 11:30

நூல் மில் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் கோயம்புத்தூர். மில்லில் எட்டு மணி நேரம் தறிச் சத்தம் கேட்டவன் இப்படித்தான் வாசிப்பான்.

ஸ்ருதிபேதம் | சனி, மதியம் 1:15

அழகான கற்பனை. மில்லுக்குப் போகும் முன்பே, பத்து வயது வாக்கிலேயே அந்த மூன்று விரல் கைக்கு வந்துவிட்டது அவருக்கு. அந்த வட்டாரத்தில் இன்னும் சிலரும் அப்படி வாசித்துக்கொண்டிருந்தார்கள். தவிர நூல் மில்லில் தறி இருக்காது.

சும்மாபோறவன் | சனி, மதியம் 1:18

சார், ஒரு சின்ன சந்தோஷத்தைக்கூட விடமாட்டீர்கள்.

தெருக்கோடி | மூன்று வாரம் கழித்து, புதன், இரவு 10:40

போய் வந்துவிட்டோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாய்டில் கடைக்குள் மரத்தரை, முன்னால் மேடை என்று பேருக்கு ஒரு திட்டு. எழுபது எண்பது வயதுப் பாட்டிகள் பையிலிருந்து தனியாக ஒரு ஜோடி செருப்பை எடுத்து மாற்றினார்கள், அடியில் லாடம் மாதிரி இரும்பு. இசை ஆரம்பித்ததும் இடுப்புக்கு மேலே அசைவே இல்லை, கால் மட்டும் தரையோடு பேசுகிறது. என் மகளை ஒரு பாட்டி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார், அவள் ஒன்றரை மணி நேரம் திரும்பி வரவில்லை. ஸ்ருதிபேதம் சொன்னது சரி, ப்ளூகிராஸ் இல்லை. ஆனால் வெளியே தெருவில் ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஐந்து பேர் வட்டமாக நின்று வாசித்தார்கள், அது ப்ளூகிராஸ்தான். ஃபிடில்காரர் ஒருவர் ஒரு காலைக் கொஞ்சம் தூக்கினார், அடுத்த சுற்றில் எல்லாரும் ஒரே இடத்தில் 'டக்' என்று நிறுத்தினார்கள். கால் தூக்கினால் இது கடைசிச் சுற்று என்று அர்த்தமாம், பக்கத்தில் நின்றவர் சொன்னார். அதற்கப்புறம் நான் கைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபிளாய்டில் ஒரு சொதப்பல். நான் பதிவு செய்த தங்கும் விடுதி அதே பெயரில் இன்னொரு ஊரில், ஐம்பது மைல் தள்ளி இருந்தது. என் தப்பா அவர்கள் தப்பா என்று இன்றுவரை வீட்டில் வழக்கு நடக்கிறது.

பிரிஸ்டலில் ஸ்டேட் ஸ்ட்ரீட் நடுவில் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள், இந்தப் பக்கம் டென்னஸி, அந்தப் பக்கம் வர்ஜீனியா. மகள் இரண்டு மாநிலத்திலும் ஒவ்வொரு கால் வைத்துப் பத்து நிமிடம். 1927 கோடையில் ரெக்கார்ட் கம்பெனிக்காரர் ரால்ஃப் பீர் பதிவுக் கருவிகளோடு வந்து அங்கே ஒரு தொப்பிக் கம்பெனி கட்டடத்தில் உட்கார்ந்தபோதுதான் கார்ட்டர் குடும்பம் முதல்முறையாக ரெக்கார்டுக்குப் பாடியது. அருங்காட்சியகம் நன்றாக இருந்தது. இரவு ஹில்ட்டன்ஸ். ஃபோன் சிக்னல் போய்விட்டது, வழியை எழுதி வைத்துக்கொள்ளாதது என் முட்டாள்தனம். மலைச்சரிவில் களஞ்சியம் மாதிரி கொட்டகை, மது கிடையாது, மின்சார வாத்தியம் கிடையாது. அந்த விதியைப் பாடகர் ஜானி கேஷ் ஒருவருக்குத்தான் தளர்த்தினார்களாம், கார்ட்டர் குடும்பத்து மாப்பிள்ளை என்பதால். 2003 ஜூலையில் அவர் கடைசியாக மேடையில் பாடியதும் அங்கேதான்.

நாஷ்வில்லில் மனைவியும் மகளும் அசந்து தூங்கிவிட்டார்கள், நான் மட்டும் ஸ்டேஷன் இன் போனேன். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் கல்லால் கட்டிய ஒரு குட்டிக் கொட்டகை. மேடையைக் கண்டுகொள்ளாமல் தரையில் நாற்காலி போட்டு வட்டம். ஒரு இருபது வயதுப் பெண் மாண்டலினில் வெட்டிக்கொண்டிருந்தாள், என்னிடமிருந்து ஐந்து அடி. நாலுமுழம், நீங்கள் தூரம் பற்றிச் சொன்னது அப்போதுதான் விளங்கியது. ரெக்கார்டில் அந்த 'சக்' பின்னால் எங்கோ இருக்கும், இங்கே அது என் விலா எலும்பில் விழுந்தது. பாஞ்சோக்காரர் பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தார், எல்லாரும் கிண்டல் செய்தார்கள். பாதி ஆயுள் சுருதி சேர்ப்பதில் போகும், மீதி ஆயுள் சேராத சுருதியில் வாசிப்பதில் போகும் என்று ஒரு பழைய ஜோக் இருக்கிறதாமே.

மறுநாள் கன்ட்ரி மியூசிக் அருங்காட்சியகத்தில் மன்ரோவின் மாண்டலினைப் பார்த்தேன். 1923 ஜூலை 9 என்று கிப்சன் கம்பெனியின் லாய்ட் லோர் கையெழுத்திட்டது, மயாமியில் ஒரு முடிதிருத்தும் கடையில் வாங்கியது. 1985இல் எவனோ வீட்டுக்குள் புகுந்து இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கிவிட்டான். சிராய் சிராயாகப் பொறுக்கி ஒட்டியிருக்கிறார்கள், அதை அப்புறமும் பத்து வருடம் வாசித்திருக்கிறார் மனிதர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுகளைத் தேடினேன், எனக்குத் தெரியவில்லை.

ரோசைனில்தான் கொஞ்சம் வருத்தம். செவ்வாய்க்கிழமை, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மலைமேல் மன்ரோ வளர்ந்த வீடு, கல்லறையில் உயரமான தூண். அந்தக் களஞ்சியம் பூட்டிக் கிடந்தது, பலகை இடுக்கு வழியாக மகள் எட்டிப் பார்த்து 'காலி நாற்காலிதான்பா இருக்கு' என்றாள்.

கரிசல், நீங்கள் சொன்ன பார்வை இரண்டு இடத்தில் கிடைத்தது, இரண்டுமே பெட்ரோல் பங்க். குக்கரும் காப்பாற்றியது.

பழையசோறு | புதன், இரவு 11:05

ஒத்துக்கொள்கிறேன், பெட்ரோல் வீண் இல்லை. ஆனாலும் ஏப்ரலில் மெர்ல்ஃபெஸ்ட்டுக்கு வாருங்கள், பார்க்கிங்கில் நிற்கலாம்.

தெருக்கோடி | புதன், இரவு 11:11

வருகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரையும் கூட்டி வருகிறேன், அவர் இருபது வருடமாகப் போகவில்லையாம், ஓட்ட ஆள் இல்லாமல். ரோசைன் வெள்ளிக்கிழமை பாக்கி இருக்கிறதே, அதற்கு யாராவது?

நாலுமுழம் | வியாழன், காலை 6:50

மே மாதம் ஏதாவது ஒரு வெள்ளி. முதலில் ஃபோன் போட்டு அன்றைக்கு நடக்கிறதா என்று நான் கேட்டுவிடுகிறேன். வண்டி என்னுடையது, தயிர்சாதம் உங்களுடையது.

சும்மாபோறவன் | வியாழன், காலை 7:02

நானும் வருகிறேன். புல்புல் தாரா எடுத்து வரலாமா?